உணவு அல்லாதவை

வயிற்றை வெட்டி
ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிட்டார்கள்.
நாற்பத்தாறு கிலோ போனது.
மூன்றாம் வருஷம் பதினொன்று திரும்பி வந்தது,
வாடகைப் பாக்கி கேட்க வந்தவனைப் போல
சப்பாத்தைக் கழற்றாமல்.

வயிற்றைத்தான் தைத்தோம்,
தலையை அல்லவே என்றாள் ஃபிராவ் லூத்தி.

ஆகவே திங்கள், புதன், வெள்ளி
பெர்ன் ஆசுப்பத்திரியின் நிலக்கீழ் அறையில்
எங்கும் போகாத சைக்கிள்.
எதிர்ச் சுவரில் நெளிந்து ஒரு விரிசல்.
அதை ஆரே நதி என்று வைத்துக்கொண்டு
தூன் வரை மிதித்துப் போய்த் திரும்புவேன்.

ஆறு கிழமை கழித்து ஒரு செவ்வாய்
குழாய்க்குள் படுக்கவைத்துத் தள்ளினார்கள்.
அசையக் கூடாது.
தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.
கண்ணுக்கு மேலே கண்ணாடி, அதில் படங்கள்:
சீஸ் வழியும் உருளைக்கிழங்கு.
ஒரு நாற்காலி.
சொக்கலேற் கேக்.
ஒரு குடை.
எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி:
எவ்வளவு வேண்டும், ஒன்றிலிருந்து ஐந்து வரை.

சீஸுக்கு ஒன்று. கேக்குக்கு ஒன்று.
பொய்யில்லை.
இடியப்பத்தின் படம் அவர்களிடம் இல்லை.

பிறகு ஒரு சாவி வந்தது.
பித்தளை. சின்னது.

மார்கழியிலிருந்து எங்கள் குசினி அலுமாரிக்குப் பூட்டு.
பூட்டச் சொன்னவன் நான்தான்.
ஜெயமதி சாவியை எங்கே வைக்கிறாள்?
அரிசி வாளிக்குள் இல்லை,
சாமிப் படத்துக்குப் பின்னால் இல்லை.
பார்சல் பிரிக்கும் வேலை முடிந்து
விடியப்புறம் மூன்று மணிக்கு வந்து
விளக்குப் போடாமல்
அவளுடைய கோட்டுப் பைகளுக்குள்,
ஒருமுறை மகளின் வயலின் பெட்டிக்குள்ளும்
கை விட்டிருக்கிறேன்.

குழாய்க்குள் வாய் ஊறியது.
விழுங்கப் பயம், தலை அசைந்துவிடும்.
ஐந்தை அழுத்தினேன்.

வெளியே லூத்தி திரையைப் பார்த்தபடி,
ஓரிடத்தில் விரல் தவறிவிட்டது போல,
சாவிக்கு ஐந்து போட்டிருக்கிறீர்கள்,
அதை எடுத்துவிடவா என்றாள்.

எடுங்கள் என்றேன்.

ஸ்டேஷனுக்கு டிராம் நின்றது. ஏறவில்லை.
பாலத்தில் மூச்சு வாங்கியது.
கீழே ஆரே, விரிசலைவிட அகலம்,
பச்சை, யாரையும் எண்ணாமல் போய்க்கொண்டிருந்தது.

இரவு ஜெயமதிக்குச் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வயலின் பெட்டி விஷயம் எனக்குத் தெரியும் என்றாள்.
அடுத்த நாளே இடம் மாத்திட்டன்.

நாளைக்குப் புதன்.