மணலில் உதிர்ந்தவை

நித் ஆற்றங்கரைக் கோட்டையில்
நெக்டனுக்குக் கொடுத்த வேலை
ஒரு பீப்பாயை உருட்டுவது.

உள்ளே பிரபுவின் வளையக் கவசம்,
இரண்டு மரக்கால் ஆற்றுமணல்,
ஒரு குவளை புளித்த காடி.
முற்றத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு,
அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு.
துரு மணலுக்குப் போகும்.
பளபளப்பு பிரபுவுக்குப் போகும்.
உள்ளங்கையில் காய்த்தது மட்டும் அவனுக்கு.

தோல் பதனிடுகிறவன் மகன்.
அவன் வருமுன்னே வாடை வந்து நிற்கும்.
குதிரைகள் காதை மடக்கிப் பின்வாங்கும்;
தம் இனத்தின் தோலை
மோப்பத்தில் அறிந்துகொண்டன போலும்.
ஒரு குளிர்காலம் முழுக்க
உறைந்த ஓடையை உடைத்து உடைத்துக் குளித்தான்.
பனி உருகும் நாளொன்றில்
சாம்பல்நிறப் பெண்குதிரை ஒன்று
அவன் தோளில் மூக்கை வைத்தது.
அன்றைக்கு அவன் யாரோடும் பேசவில்லை.

மார்ட்டின் திருநாளில்,
குளிர்காலத்துக்கு உப்பிட மாடு வெட்டும் நாளில்,
கூடத்தில் யாரும் எதையும் கேட்கலாம்.
விதவைகள் விறகு கேட்பார்கள்.
பங்காளிகள் வேலிக்கு வழக்குச் சொல்வார்கள்.
நெக்டன் வீரப்பட்டம் கேட்டான்.
வயது பதினொன்று.

சர் வால்டெவ் தாடியில் பார்லிக் கள் வழியச் சிரித்தார்.
மேசைக்கடியில் நாய்களும் குரைத்தன.
பன்னிரண்டில் கேட்டான். அதே சிரிப்பு.
பதின்மூன்றில்
அவன் வாய் திறக்குமுன்பே சிரித்தார்கள்;
திருநாள் பண்டங்களில்
அதுவும் ஒன்றாகியிருந்தது.

"நிலம் உண்டா உனக்கு? குதிரை? கவசம்?"
"கவசம் இருக்கிறது" என்றான், பதினான்கில்.
சட்டையை விலக்கிக் காட்டினான்.

மூன்று ஆண்டு பீப்பாய் மணலைச் சலித்து
அறுந்து விழுந்த வளையங்களைப் பொறுக்கி
கொல்லன் எறிந்த இடுக்கியால் கோத்து
இடதுமார்பில் தைத்திருந்தான்.
இருநூற்றுப் பதினேழு வளையம்.
ஓர் உள்ளங்கை அளவு இரும்பு.

"திருட்டு" என்றான் காரியக்காரன் பிரைஸ்.
"விடு,
ஒரு சிட்டுக்குருவி போருக்குப் போகலாம்" என்றார் பிரபு.
கூடம் மறுபடி அதிர்ந்தது.

அடுத்த இலையுதிர்காலம்.
மூடுபனியோடு மூடுபனியாகத்
தெற்கத்திக் குதிரைகள் துறையில் இறங்கின.
நட்டாற்றில் பிரபுவின் குதிரை சரிந்தது.
அவன் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த கவசம்
அவரைக் கீழே இழுத்தது,
கல்லை இழுப்பதுபோல.
கரையில் நின்றவர்கள் அம்புக்குக் குனிந்தார்கள்.

நெக்டன் மணலைக் கொட்டினான்.
மூடியை உதைத்து அடைத்தான்.
ஐந்தாண்டுப் பழக்கத்தில்
பீப்பாயை உருட்டினான், சரிவில், நீருக்குள்.
அதைக் கட்டிக்கொண்டு கரையேறினார்
கார்மோரின் சர் வால்டெவ்,
பிறந்த கன்றுபோல நடுங்கிக்கொண்டு.

அம்பு ஒன்று நெக்டனையும் தேடி வந்தது.
மார்பில் இருநூற்றுப் பதினேழு வளையம் காத்திருக்க
அது முழங்காலுக்குப் போயிற்று.

மார்ட்டின் திருநாள். பதினைந்து.
கூடத்தின் நீளத்தை
ஒரு காலால் நடந்தும்
மறுகாலை இழுத்தும் கடந்தான்.
அதே கேள்வியைக் கேட்டான்.
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஆற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பிரபு தட்டில் கறியைத் திருப்பினார்.
திருப்பியதையே மறுபடி திருப்பினார்.
"சினைப்பசு ஒன்று ஓட்டிக்கொண்டு போ."

"நான் பசு கேட்கவில்லை, ஐயா."

பிரைஸ் கூரையைப் பார்த்தான்.
நாய்கள் எலும்பை விட்டு நிமிர்ந்தன.
ஒன்றும் குரைக்கவில்லை.
யாரும் சிரிக்கவில்லை.

வணங்கி வெளியே வந்தான்.
முற்றத்தில் புதுப் பீப்பாய்,
ஓக் மரத்தின் பச்சை வாசனையோடு.
காலைச் சாய்த்து வைக்க ஒரு வாகு பார்த்தான்,
அகப்பட்டது.
மணலை அள்ளிப் போட்டான்.

பதினாறுக்கு இன்னும்
ஓராண்டு இருக்கிறது.