முப்பதாம் தகடு

இராயக்கோட்டைத் தக்காளி, இருநூற்று எண்பது பெட்டி.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டி
பதினொன்றரைக்கு என் கொட்டகை முன் நின்றது வண்டி.
நிற்பதற்குள்ளேயே கேட்டுவிட்டது:
ஆறு சிலிண்டரில் ஒன்று
மற்றவை பேசும்போது குறுக்கே பேசியது.

"டேப்பட்தான் ரஜியாக்கா, பத்து நிமிச வேலை"
என்றான் திம்மராயன்.
பத்து நிமிச வேலைதான்.
அதற்கு முன்னால் நாலு மணி நேரம் இருக்கிறது.

ராக்கர் கவர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
அது உட்காரவில்லை.
ஓடியது, சுருங்கியது, இல்லாமல் போனது.
"பாத்தியா?"
"பாத்துட்டேன். கோயம்பேட்டுல அஞ்சு மணிக்கு ஏலம்."

இரும்புக்குச் சூட்டில் ஓர் அளவு, ஆறினால் ஓர் அளவு.
இந்த எஞ்சினுக்குக் கம்பெனி எழுதியது ஆறிய அளவு:
காற்று வரும் வால்வுக்கு இருபது,
புகை போகும் வால்வுக்கு முப்பது.
மில்லிமீட்டரை நூறாகக் கீறி அதில் முப்பது.
ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனம்.
அதுவும் இல்லையென்றால்
வால்வு தன் இடத்தில் முழுசாக உட்காராது.
உட்காராதது எரியும்.

போன ஆடியில் ஓசூர்க்காரன் ஒருவன் கெஞ்சினான்.
சூட்டிலேயே திறந்தேன்.
கை பொறுக்கவில்லை,
கண்ணால் பாதி காதால் பாதி அளந்தேன்.
பள்ளிகொண்டா தாண்டிப் போன் வந்தது.
"அக்கா, மூணாவது வால்வு போச்சு."
அவ்வளவுதான் சொன்னான்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

டார்ப்பாலினை அவிழ்த்துச் சுருட்டினான்.
எஞ்சின் ஆற ஆற
தக்காளி உள்ளுக்குள் புழுங்கியது.
அடிப்பெட்டிகள் சாறு விட்டன.
டயர் ஓரம் ஒரு நாய் வந்து மோந்து பார்த்து
இது நமக்கில்லை என்று போனது.

ஓனர் நாலு தடவை கூப்பிட்டார்.
நாலாவது தடவை போன் என் கைக்கு வந்தது.
"பெட்டிக்கு அறுபது ரூபா விழும்மா, யார் குடுப்பா?"
"எஞ்சின் செலவு எவ்வளவுன்னு சொல்லட்டுமா?"
மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அப்புறம்,
"அவன் சாப்பிட்டானா?"

சாப்பிட்டிருக்கவில்லை.
என்னிடம் மூன்று சப்பாத்தி.
அவன் லோடிலிருந்து கசங்கியதாகப் பார்த்து
நாலு பழம் கொண்டுவந்தான்.
உப்பு தொட்டு, மணிக்கட்டில் வழிய வழிய.

இரண்டு மணிக்கு மலைப்பக்கமிருந்து காற்று.
பகலெல்லாம் வெயில் குடித்த பாறை அது,
ஆறுவதற்குள் விடிந்துவிடும்.
இந்த எஞ்சின் தேவலாம்.

மூணு அம்பது.
கவர்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
எடுக்கத் தோன்றவில்லை.
என் தெர்மாமீட்டர் அவ்வளவுதான்.

அவன் கம்பி போட்டுத் திருப்ப, நான் விளக்கைப் பிடிக்க,
ஆறு ஆடும்போது ஒண்ணு.
ரெண்டு ஆடும்போது அஞ்சு.
அஞ்சில்தான் இருந்தது:
தகடு யாரையும் கேட்காமல் போய் வந்தது.
நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ஒரு மயிரிழை.
நட்டு இறுகும்போது ஸ்க்ரூவும் கூடவே நழுவப் பார்க்கும்,
அசையாமல் பிடிக்கணும்.
பிறகு தகட்டை இழுத்தால் வரணும்,
மனசில்லாமல் வரணும்,
கடன்காரன் விரலிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் வருவதுபோல.
நாலு ஆடும்போது மூணு.
ஒண்ணு ஆடும்போது ஆறு.

சாவியைத் திருப்பினான்.
ஆறும் ஒரே பேச்சு.

பில் எழுதினேன்: டேப்பட் செட்டிங், கவர் பேக்கிங்.
காத்திருந்ததை எழுத அதில் கட்டம் இல்லை.
மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு
வண்டியை எடுத்தான். ரோடுவரைக்கும் சாறு ஒரு கோடு.

விடியும் நேரம் தகடுகளைத் துடைத்து மடக்கும்போது
முப்பதில், நுனிக்குச் சற்று மேலே,
ஒரு தக்காளி விதை.

அளக்கும்போதே இருந்ததா,
அப்புறம் ஒட்டியதா?

பள்ளிகொண்டா போய்ச் சேர
அவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.
போனைப் பையில் போடாமல்
எதிரே, பெஞ்சுமேல் வைத்தேன்.