காலுறைக்குள் போல்ட்

அக்டோபர் மூன்றாம் வெள்ளி.
சாலை முடிந்து, குதிரைப்பாதையும் முடிந்து,
அதற்கும் மேலே ஆறு மைல்.
ஐடஹோ மலையில் கூடாரம் அடித்து
உறையிலிருந்து துப்பாக்கியை உருவினேன்.
பின்பக்கம் ஓர் ஓட்டை
என்னையே பார்த்தது.

போல்ட்.
சாண் நீள இரும்பு.
அது இல்லாவிட்டால்
ஆயிரத்து இருநூறு டாலர் துப்பாக்கி
அடுப்பு ஊதும் குழல்.

எங்கே இருக்கிறது என்று தெரியும்.
அதுதான் கொடுமை.
பொக்கடெல்லோ வீட்டு மாடியில்,
இரண்டாவது இழுப்பறையில்,
சாம்பல்நிறக் கம்பளிக் காலுறைக்குள்.
ரோவெனா நடக்கத் தொடங்கிய வாரம்
குழந்தை கைபடக் கூடாதென்று கழற்றி வைத்தது.
வருஷா வருஷம் அங்கிருந்து எடுப்பேன்,
அங்கேயே வைப்பேன்.
அவளுக்கு இப்போது பத்தொன்பது,
பாய்ஸியில் ஒரு பல் டாக்டரிடம் வேலை.
போல்ட் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

டெல்பர்ட் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.
சொல்லியிருக்கலாம்.
ஆனால் போன வருஷம்
கூடாரக் கம்பிகளை அவன் விட்டுவிட்டு வந்தபோது
நான் சிரித்த சிரிப்பு
தொண்டைக்குக் குறுக்கே வந்து நின்றது.
தேவாலய வாசலில், முடிவெட்டும் கடையில்,
அவன் மாமியார் சாவுச் சாப்பாட்டில்கூட
"கம்பி டெல்பர்ட்" என்று கூப்பிட்டவன் நான்.

உறையை மூடினேன்.
"எல்லாம் சரியா?" என்றான்.
"எல்லாம் சரி."

முதல் நாள் விடியலில்
அவன் கிழக்குச் சரிவுக்கு, நான் மேற்கே.
சாய்ந்து கிடந்த பைன் மரத்தில் உட்கார்ந்து
குழாயை மடியில் கிடத்திக்கொண்டு
காற்று எந்தப் பக்கமென்று
பொடி தூவிப் பார்த்தேன். பழக்கதோஷம்.
எதுவும் வரவில்லை.
கடவுளுக்கு நன்றி சொன்னேன்.
வேட்டைக்கு வந்தவன் சொல்கிற நன்றியா அது?

இரண்டாம் நாள் வந்தது.
எல்க். காளை.
பக்கத்துக்கு ஆறு கிளைக் கொம்பு.
எழுபது கஜம்.
பதினெட்டு வருஷம் எனக்கு முகம் காட்டாதது
பின்னங்காலைத் தூக்கி, நாய் மாதிரி,
நிதானமாகக் காதைச் சொறிந்துகொண்டது.

துப்பாக்கியை உயர்த்தினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கண்ணாடி வழியே
அதன் தோளில் காய்ந்த சேறு தெரிந்தது.
சேற்றில் ஒட்டிய ஒரே ஒரு பைன் ஊசி.
சுட முடிந்த எந்த வருஷமும்
நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
விசையை அழுத்தினேன்.
ஒரு 'டிக்'கூட இல்லை.

அது போனது. அவசரமே இல்லாமல்.
நேரே கிழக்குச் சரிவுக்கு.
வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
பத்து நிமிடம். இருபது.
ஒரு அண்டங்காக்கை மட்டும் ஏதோ சொன்னது.

ராத்திரி பீன்ஸ் டப்பா.
திறப்பான் இல்லை, கத்தியால் குத்தினோம்.
"ஏதாவது கண்ணில் பட்டதா?"
"இல்லை. உனக்கு?"
"இல்லை."
இரண்டு பேருமே நெருப்பிடம்தான் பேசினோம்.

மூன்றாம் இரவு, பனி விழத் தொடங்கியபின்,
டெல்பர்ட் கோட்டுப் பையிலிருந்து
தோட்டாப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தான்.
இருநூற்றெழுபது.
அவனுடையது முப்பது-நாட்-சிக்ஸ்.
கடையில் யாரிடமோ வாயடித்துக்கொண்டே
பக்கத்துப் பெட்டியை எடுத்துவிட்டானாம்.
"வந்த அன்றைக்கே தெரியும்," என்றான்.
"அந்தக் காளை நாற்பது கஜத்தில் என்னைத் தாண்டிப் போனது.
என்ன செய்வதென்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றினேன்."

பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினான்.
"உன் துப்பாக்கிக்குச் சேரும் இது.
நாளைக்கு நீயாவது சுடு."

நான் உறையைத் திறந்து
ஓட்டையை அவன் பக்கம் திருப்பினேன்.

ஒரு விறகு எரிந்து முறியும் நேரம்
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம் சிரித்தான் பாருங்கள்,
சிரித்து, இருமி, மூச்சு முட்டி,
இருமல் மருந்து எங்கே என்று கையை நீட்டினான்.
மருந்துப் பை
கீழே வண்டியில் இருந்தது.

வீடு வந்ததும் போல்ட்டைத் துடைத்து
எண்ணெய் போட்டேன்.
மறக்காத இடமாக ஒன்று தேடி
கையில் அதோடு
அறை அறையாக நடந்தேன்.

அப்புறம் அதே இழுப்பறை.
அதே காலுறை.