இரண்டு நடை

தண்டையார்பேட்டை டெப்போவில்
மாதக் கடைசியில் எனக்குப் பெருக்கல் வேலை:
இத்தனை ஃப்ரீ பாஸ், இத்தனை பள்ளி நாள்,
தலைக்கு இரண்டு நடை.
கூட்டிக் கோட்டைக்கு அனுப்பினால்
பணம் வரும். தாமதமாக, ஆனால் வரும்.

பெனிட்டா, ஒன்பதாவது பி.
அவள் பாஸில் சீல் வைத்தது நான்தான்,
பாதி முகத்தின் மேல் விழுந்துவிட்டது.

இன்று எர்ணாவூரில் பார்த்தேன்.
சீருடைக் கூட்டத்தைக் கண்டதும்
எங்கள் வண்டி
நிறுத்தம் தாண்டி, கொஞ்சம் வேகம் குறைத்து,
யோசித்து,
போயேவிட்டது.
பையன்கள் சிலர் தொற்றிக்கொண்டார்கள்.
அவள் ஓடவில்லை.
கன்டெய்னர் லாரிகளின் வரிசையை ஒட்டி
கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி
நடக்கத் தொடங்கினாள்.
சாயங்காலமும் அப்படித்தானாம்.

படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை.
அவள் பெயருக்கு நேரே எழுதினேன்
இரண்டு நடை.
பொய் இல்லை.