கல்லுக்கு ஒரு அங்குலம்

மேல் டிவிசன் கடைசி வளைவில்
பங்குனி மழை விட்ட மறுநாள்
அந்தக் கல் ஒரு விரல் வளர்ந்திருந்தது.
கல் வளரவில்லை, மண் போய்விட்டது
என்றான் கிறிஸ்டி.
அடிபடுகிற ஜீப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்னைவிட மூன்று வயது மூத்த ஜீப்.
பட்டைகளில் வளைவு போய்
ஈரத்துணி ஏறிய கொடிபோலத் தொய்ந்துவிட்டன.
பின்னால் எட்டுப் பேர், ஒரு மூட்டை மா, ஒரு காஸ் சிலிண்டர்.
கல்லுக்கு முன்னால் எல்லோரும் இறங்கி நடப்பார்கள்.
ஏறும்போது என்னைப் பார்க்க மாட்டார்கள்.

சீட்டு எடுத்த காசு எண்பத்தையாயிரம்.
பஞ்சிகாவத்தையில் பெட்டியோடு வந்த செட் ஒன்று
இரண்டே முக்கால் லட்சம் என்றார்கள்.
பெட்டியின் மேல் ஒரு ஜீப்
மணல் மேட்டிலிருந்து பாய்கிறது.
எனக்குப் பாய வேண்டாம்.
கிளினிக் மூடுமுன் கீழே போய்ச் சேர்ந்தால் போதும்.

ஹட்டனில் நவ்சாத் நானா
அட்டை விரித்து அடியில் போனார்.
அவர் கால்களோடுதான் பேசினேன்.

"சக்கிளெ நீட்டுறது மலிவு.
நாலு அங்குலம் நீட்டினா ரெண்டுதான் ஏறும்,
ஸ்டியரிங் சும்மா அலையும்."

கட்டை வைத்தால்?

"பின்னுக்கு வெக்கலாம்.
முன்னுக்கு வெச்சா
ஒங்கட செத்த வீட்டுக்கு நான் வரணும்."

பிறகு ஸ்பேனரால் எதையோ தட்டினார்.
"கல்லுல படுறது இந்த டிஃப் குண்டுதானே?
பட்டை இதெத் தூக்காது.
மேல இருக்கிற பெட்டியெத்தான் தூக்கும்.
குண்டெத் தூக்குறது டயர் மட்டும்."

சம்பளம் ஏறிய வருடம்
அரிசியும் கூடவே ஏறியது ஞாபகம் வந்தது.

அப்படியானால் பட்டை எதற்கு?
"பெரிய டயருக்கு எடம் வேணுமே."

ஆகக் கணக்கு இப்படி முடிந்தது:
உடைத்த லொறியின் பட்டை, மூலைக்கு ஒன்று,
கூலியோடு இருபத்திரண்டாயிரம்.
பாவித்த டயர் நாலு, ஐம்பத்தாறு.
மிச்சம் ஏழை
ஒருவரும் நினைக்காத பிரேக் ஹோஸ் தின்றது.
பட்டையால் இரண்டு, டயரால் ஒன்று,
தளம் மூன்று அங்குலம் உயரும்.
கல்லுக்குக் கிடைப்பது ஒன்று.

தவமலர் தையல் நாடாவைப் பிடித்து
பின்கதவின் உயரத்தை அளந்தாள்.
"வண்டிக்குச் சரி.
ஜெபமாலை டீச்சர் எப்படி ஏறுவா?"

அதை நான் அளக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை
பின்தளத்தில் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து
அதன் மேல் கால் வைக்கச் சொன்னோம்.
டீச்சர் காலைத் தூக்கினார்.
பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்.
"இந்த உயரத்துக்கு ஏறினா
நேரா மேலுலகந்தான் தம்பி,
கிளினிக் தேவைப்படாது."

கழற்றிய பட்டைகளில் ஒன்று நடுவில் வெடித்திருந்தது.
நானா நல்ல பாதியை வெட்டினார்,
இரண்டு ஓட்டை போட்டார்,
சங்கிலியில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டார்.
இருபது வருடம் எங்களைத் தாங்கியது
இப்போது ஒரு படி.
அதற்கு அவர் காசு வாங்கவில்லை,
மரக்கறி கேட்டார். லீக்ஸ் இரண்டு கட்டு.

வெறும் வண்டி இப்போது ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கிறது.
ஆள் ஏறினால் அடங்குகிறது.
காற்றடிக்கும் திருப்பத்தில்
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கிறேன்.

முதல் ட்ரிப்.
கல் வந்தது. ஒருவரும் இறங்கவில்லை.
முன் சக்கரம் தாண்டியது.
பின் அச்சு வரும்போது பற்களைக் கடித்தேன்.
ஒன்றுமில்லை.
அந்த ஒரு அங்குலத்தில்
காற்று மட்டும் போனது.

பிறகு பின்னால், ணிங்.

படி.
கல்லில் மோதி, ஆடி, மறுபடி தொங்கியது.
"பெல் அடிச்சிருச்சு" என்றார் டீச்சர்.
வண்டிக்குள் சிரிப்பு.

சங்கிலியில் இரண்டு கண்ணி குறைத்தால்
கல்லில் படாது,
முழங்காலில் படும்.
கிறிஸ்டி குறட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.
வேண்டாம், அடிக்கட்டும் என்றேன்.