பெயரின் நடுவில்

சிலோவே தீவுகளில் மழைக்கு விடுமுறை கிடையாது.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருத்துவப் படகு.
அதில் பல் பிடுங்குகிறவருக்கும்
தடுப்பூசிப் பெட்டிக்கும் இடையில்
காது பார்க்கிற நான்.

"எதையும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை,
அத்தனை பிடிவாதம்" என்றாள் ஒத்தீலியா.
பின்வரிசையில் உட்கார்ந்து கனவு காண்கிறாளாம்,
ஆசிரியர் உல்லோவா எழுதி அனுப்பியிருந்தார்.
ஏழு வயது யாஸ்னா
என் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு
"லூனா" என்றேன்.
நிலாப் படத்தைத் தொட்டாள்.
"சோல்" என்றேன்.
சூரியன் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.
அவள் காகிதத்தைப் பார்த்தாள்,
விலகாதா என்று.

போட்டுக்கொள்ள,
வந்து சேர்ந்தால்தானே ஒத்தீலியா.

இந்தப் பக்கம் சொல்லின் கடைசி ஸ்-ஐ யாரும் சொல்வதில்லை.
பாதிரியார் விழுங்குவார், மீன்காரர் விழுங்குவார்,
படித்தவள் நானும் விழுங்குவேன்.
அதனால் ஒரு குழந்தை
எல்லா ஸ்-ஐயும் தொலைத்து நின்றபோது
ஒருவர் கண்ணிலும் படவில்லை.
தன் பெயரையே அவள் யா-னா என்பாள்.
கொஞ்சல் என்று நினைத்து
வீடே அவளை அப்படி அழைத்தது.

கருவி வந்தது நான்காம் மாதம்.
மாட்டிய அன்று
தகரக் கூரை மழை ஆணி ஆணியாக இறங்கியது.
பிடுங்கி எறிந்தாள், அழுதாள்.
மறுநாள் கருவியைக் காணவில்லை.
மூன்று நாள் கழித்து உருளைக்கிழங்கு மூட்டைக்குள் கிடைத்தது.
அதுவரை கிழங்குகள்
வீட்டுப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

அவசரமில்லை என்றேன்.
இன்று கால் மணி. அடுத்த வாரம் அரை மணி.
மழை விட்ட பிறகு.
(மழை எங்கே விட்டது.)

அதற்குள் உல்லோவா
கரும்பலகையிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.
எழுதுவார், திரும்புவார், பிறகு பேசுவார்.
அப்பா எலியேசர், சிப்பிக் கயிறு இழுக்கிறவர்,
இருபது வயதிலிருந்து வளர்த்த மீசையை
ஒரு ஞாயிற்றுக்கிழமை மழித்துவிட்டார்.
ஒத்தீலியா வயிறு குலுங்கச் சிரித்தாள்.
மகள் சிரிக்கவில்லை.
இத்தனை வருடம் புதருக்குள்ளிருந்து பேசிய மனிதரின்
மேலுதட்டை விரலால் தடவினாள்.
"சொல்லு" என்றாள்.
என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் போனபோது
கணப்படுப்பில் கெட்டில் கொதித்து
இரும்பில் ஒரு சொட்டு விழுந்தது.
ஸ்ஸ்.
யாஸ்னா சட்டென்று என்னைப் பார்த்தாள்.
நான் பேசவில்லை என்பதை
என் உதடு அவளுக்குச் சொல்லிவிட்டது.
விரலைத் தண்ணீரில் நனைத்தாள்,
தானே ஒரு சொட்டு விட்டாள்.
ஸ்ஸ்.
பிறகு மெதுவாக, யாருக்கும் இல்லாமல்:
யா... ஷ்... னா.
சரியாக வரவில்லை. நான் திருத்தவில்லை.

கரையில் படகு ஊதியது.
அந்தத் தடித்த ஒலி அவளுக்கு என்றுமே கேட்கும்.
"வழியனுப்ப வா" என்று அம்மா
முகத்துக்கு நேரே வந்து கூப்பிட்டாள்.
அவள் அசையவில்லை.
மீண்டும் விரலை நனைத்தாள்.

இது, ஒத்தீலியா,
பிடிவாதமேதான்.