திங்கள்சந்தைக்குப் பஸ் உண்டு

காலையில் லாட்ஜ் மாடியில்
முப்பத்தொரு பேர் கூடி,
ஒளிக்குப் பக்கத்து வேகத்தில் போய்த் திரும்புகிறவன்
சொந்த மகனைவிட இளையவனாக வந்தால்
ரேஷன் கார்டில் யார் குடும்பத் தலைவர் என்று
இரண்டு மணி நேரம் பேசினோம்.
சாயா ஆறியது. முடிவு எட்டவில்லை.
பிற்பகல் அமர்வு கேளிக்கைப் பூங்காவில்.
குழுவாகப் போனால் தலைக்கு நூற்றைம்பது தள்ளுபடி,
அதுதான் காரணம், வேறு தத்துவம் இல்லை.

வேன் கதவில் ஜெபர்சன் மாட்டிக்கொண்டார்.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி உடம்பு,
வெள்ளிக் காகிதம், நெஞ்சில் சீரியல் பல்பு.
தக்கலை கோர்ட்டில் டைப்பிஸ்ட்;
மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்.
சஜிதா பச்சை பூசியிருந்தாள், காதுமடல் வரை.
எனக்கு வேஷமில்லை.
மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கிற வேலை;
கதிர் அளக்கும் பட்டையைச் சட்டையில் குத்தி
பதினாறு வருஷம்.
அதைக் கழற்ற மறந்து வந்துவிட்டேன்.
நல்ல வேஷம் என்றார்கள் எல்லோரும்.

வாசலில் காவலாளி பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.
'இதோட தண்ணிக்குள்ள விட மாட்டாவ.
பெயிண்டும் ஆவாது. நைலான் மட்டுந்தான்.
வாடகை நூறு, டெபாசிட் நூறு.'
ஜெபர்சன் தான் ஒரு ரோபோ என்றார்.
'ரோபோவுக்கும் அதே ரேட்டுதான், சாரே.'

துணி மாற்றி வெளியே வந்தோம்.
ஒரே ஆரஞ்சு, ஒரே தையல், முதுகில் நம்பர்.
நான் 212.
209 வள்ளியூர் வாத்தியார் ஒருவர்,
340, 341 நேற்றுக் கல்யாணமானவர்கள், மஞ்சள் காயவில்லை.
இடுப்பில் அழுத குழந்தைக்கும் 77.
மருதாணிக் கை, தழும்பு விழுந்த முழங்கால்,
எல்லாம் ஒரே ஆரஞ்சில்.
எந்தக் கப்பலோ,
ஆள் எடுத்துவிட்டார்கள்.

மூன்று மணிக்குச் சங்கு.
அலைக்குளத்தில் எந்திரம் அலை அனுப்பும்,
அரைமணிக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் கடல்
சங்கில்லாமல், டிக்கெட்டில்லாமல்
அதே வேலையில் கிடந்தது.
நாங்கள் இந்தப் பக்கம் கூவினோம்.

நாலாவது அலையில் கரண்ட் போனது.
பாதி எழுந்த தண்ணீர்
எங்கே போவதென்று தெரியாமல்
எங்கள் இடுப்பைச் சுற்றி நின்றது.
பாட்டுப்பெட்டியும் நின்றது.
அப்போது கேட்டது, மதிலுக்கு அப்பால்.
யாரும் சொல்லாமல்
முந்நூறு ஆரஞ்சு முதுகுகள்
குளத்துக்குள்ளே தெற்கே திரும்பின.

18 சாத்தூரிலிருந்து வந்த பையன்.
முன்பல் இரண்டு இல்லை.
கழுவியும் போகாத பச்சையைச்
சஜிதாவின் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டான்.
'அக்கா, நீங்க எங்கருந்து வர்றீங்க?'
அவள் உள்ளதைச் சொன்னாள்:
'திங்கள்சந்தை.'
பையன் வானத்தைப் பார்த்தான்.
பகல் நிலா ஒரு நகத்துண்டாய் அங்கே இருக்கத்தான் செய்தது.
'அங்க சந்தையா? என்ன விக்கும்?'
'மரச்சீனி. நேந்திரங்காய். கருவாடு.'
'கருவாடா!'
காற்றில்லாத இடத்தில் மீன் எப்படிக் காயும் என்று
அவன் கேட்கவில்லை.
எங்கள் முப்பத்தொரு பேரில் எவரானாலும் கேட்டிருப்போம்.
'எப்படிப் போறது?'
'பஸ் உண்டு மக்கா, நாரோயில்லேருந்து.
நின்னுட்டுதான் போணும்.'

கரண்ட் வந்தது. அலை
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, வெட்கமில்லாமல்.

டெபாசிட் நூறில் சஜிதாவுக்கு மட்டும் இருபது பிடித்தார்கள்,
காலரில் பச்சை.
பார்க்கிங்கில், வேப்பமரத்தடியில்
விட்டுப்போன ரோபோவுக்குள்
ஒரு செவலை நாய் சுருண்டிருந்தது.
மூச்சு விட விட நெஞ்சு அட்டை ஏறி இறங்கிற்று,
பல்பு சிவப்பு, நீலம், சிவப்பு.
ஜெபர்சன் குனிந்து பார்த்தார்.
சுவிட்சை அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டார்.
'கிடக்கட்டும்' என்று
வேனில் ஏறினார், இந்த முறை எளிதாக.